டிரைவர் மேல் போட்ட பழி

நெய்வேலி நகரியத்தில் நாங்கள் குடியிருப்பது மனைவியின் பெயரில் ஒதுக்கிய குவார்ட்டர்ஸில். அவள் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் பெர்மனென்ட் இன்ஜினியர். நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். கம்ப்யூட்டரில் மற்ற எல்லா நிரல்களையும் தாங்கி நிற்கும் கெர்னல் என்கிற பகுதி கிராஷ் ஆனால், ஏன் ஆனது என்று கண்டுபிடிப்பது என் வேலை. எங்கள் பிளாக்கில் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பேன். உடனே தங்கள் பிரிண்டரைப் பற்றிக் கேட்பார்கள்.

போன வருஷம் என் சொந்த மெஷினே கிராஷ் ஆக ஆரம்பித்தது. அப்போது நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்கிற புதிய நிரல் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியவள் எங்கள் அணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கெர்னல் சாகும்போது நினைவகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். திறந்து பார்த்தேன். கடைசியாக ஓடியது அந்த டிரைவர். இரண்டாம் முறையும் அதுதான். மூன்றாவது சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பன்னிரண்டு பக்க அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் மெஷின் கெர்னலின் வேறோர் இடத்தில் கிராஷ் ஆகி விழுந்தது. அதற்கடுத்த நாள் இன்னோர் இடத்தில். நான் அசரவில்லை. டிரைவர் கண்ட இடத்தில் எழுதி அடுத்தவன் நினைவகத்தைக் கெடுக்கிறது என்றொரு விளக்கம் கைவசம் இருந்தது. அதை வைத்து எதையும் விளக்கிவிடலாம்.

ஷிப்ட் முடிந்து வந்த மனைவியிடம் சாப்பிடும்போது சொன்னேன்.

“தெனம் வேற வேற எடத்துலயா விழுது?”

“ஆமா.”

“அப்ப விழற எடத்தயே ஏன் பாத்துகினு இருக்கீங்க? எங்க பெல்ட்டு இப்படி அங்கங்க நின்னா, கரண்டு ஒழுங்கா வருதான்னுதான் மொதல்ல பாப்போம்.”

“இது பெல்ட்டு இல்லம்மா. சாப்ட்வேர்.”

“சரிங்க” என்று மோரை ஊற்றிக்கொண்டாள்.

அந்த வார மீட்டிங்கில் அந்தப் பெண் தன் டிரைவரில் ஒரு தப்பு இருந்ததாகவும் திருத்திவிட்டதாகவும் சொன்னாள். அறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மேனேஜர் என்னைப் பாராட்டினார். அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது என் திரை அப்படியே உறைந்தது. திருத்திய டிரைவர் ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. நெய்வேலியில் நெட் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து ஐந்து கிராஷ்களின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு எண் கெட்டிருந்தது. ஐந்திலும் ஒரே இலக்கத்தில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. நிரல் செய்யும் தப்புக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். பிழை காட்டும் சிவப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தன. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று இரண்டு மாதத்துக்கு முன் நானே செருகிய ரேம் என்கிற நினைவகத் துண்டு. பிடுங்கிப் போட்டேன். மெஷின் அதற்குப் பிறகு விழவில்லை.

“கரண்டா?” என்று கேட்டாள் மனைவி.

“இல்ல, ரேமு.”

“அப்ப சாப்ட்வேர் இல்ல.” அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மேனேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “அத விடுங்க, ரிப்போர்ட் மேல போயிடுச்சு. எப்படியோ ஒரு தப்பு கெடச்சுதுல்ல” என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யத்தான் தயக்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “மூணு நாள் சரியா சாப்பிடல சார். வரி வரியா படிச்சேன். ஒரு சின்ன தப்பு இருந்துச்சு. ஆனா அதுக்கெல்லாம் உங்க மெஷின் விழுமான்னு எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

“அத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“பன்னெண்டு பக்கம் சார்” என்றாள்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, டிரைவருக்கும் கிராஷுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோருக்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆறே வரி. எழுதி முடிக்க ஒரு முழுக் காலை ஆயிற்று. மேனேஜர் ஒரு கட்டைவிரல் எமோஜியை மட்டும் அனுப்பினார்.

மறுவாரம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். வேறொரு மெஷின் கிராஷ் ஆகியிருந்தது, கோப்பு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

“பாத்துட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க சார். சொன்னா போதும், எழுத வேணாம்.”