புரட்டாசியில் ஒரு தூண்டில் பயணம்

“செப்டம்பர் கடைசி சனி, ஞாயிறு மட்டும்தான் காலி. ரெண்டு பேர் வரலாம். தூண்டில், பூட்ஸ் நாங்களே தருவோம். ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க. பிடிக்கிற மீனை ஓடையிலயே விட்டுடணும்.”

ஆவணி மூன்றாம் நாள் காலை 7.40க்கு, ஊட்டிப் பக்கத்து மீன்பிடி வழிகாட்டி அனுப்பிய செய்தி இது. டைரியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். 7.46க்கு ‘சரி’ என்று பதில் போட்டேன். எந்த வேலைக்கும் தமிழ்த் தேதியையும் சேர்த்துப் பார்க்கிற நான், அந்த ஆறு நிமிடத்தில் நாள்காட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

பயணம் மச்சானுக்காக. என் மனைவியின் அண்ணன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறானால் தூண்டிலோடு பனமலை ஏரிக்கரையில் இருப்பார். ஃப்ளை ஃபிஷிங்கை அவர் போனில்தான் பார்த்தார். மண்புழு கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் பூச்சி மாதிரி கட்டி, காற்றில் சுழற்றி, ஓடும் தண்ணீர்மேல் இறக்குவார்கள். “ஒருவாட்டியாவது இத செஞ்சி பாக்கணும் மாப்ள” என்றார். அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் காய்ச்சலில் நினைவில்லாமல் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். அத்தனை நாளும் அவர் கடையை மூடிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்றி என்ற சொல்லை எங்களுக்குள் சொல்லிப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மலைப் பயணம்.

கடைக்குப் போய்ச் செய்தியைக் காட்டினேன். முகமெல்லாம் சிரிப்பானது. பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

“புரட்டாசி சனிக்கெழம மாப்ள.”

“நாம துன்னப் போறதில்லியே மச்சான். புடிச்சி வுட்டுடறதுதான்.”

“புரட்டாசியில மீன் சங்காத்தமே வாணான்னு சிங்கவரம் பெருமாளுக்கு வேண்டிக்கினேன்.”

“எப்போ?”

செம்புக் கம்பியைச் சுற்றியபடியே சொன்னார்: “நீ படுத்துக்கினு இருந்தப்போ.”

புரட்டாசியில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் மீன் சமைப்பதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவருடைய தூண்டிலும் பரண்மேல் கிடந்ததை ஐந்து வருடமாக நான் கவனிக்கவே இல்லை.

வழிகாட்டியிடம் வேறு தேதி கேட்டேன். அப்புறம் மழை, ஓடை கலங்கிவிடும், இனி அடுத்த வருடம்தான் என்றார். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி அண்ணனை விசாரித்தாள்.

“துன்ன மாட்டேன்னியா, தொட மாட்டேன்னியா, கிட்டயே போவ மாட்டேன்னியா? ஒழுங்கா சொல்லுண்ணா.”

“அந்த டென்ஷன்ல இன்னா சொன்னேன்னு யாருக்குத் தெரியும்? இவன் பொழச்சா போதும்னு இருந்துது.”

“பொழச்சவருதான இப்போ கூப்புடறாரு?”

மறுநாள் வழிகாட்டிக்கு இன்னொரு கேள்வி அனுப்பினேன். பதில் வந்தது: “மீனை நீங்க தொடவே வேணாம். தண்ணிக்குள்ளயே நான் முள்ளைக் கழட்டி விட்டுடுவேன். மீனுக்கும் அதான் நல்லது.”

மச்சான் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். “எதுக்கும் பெருமாளாண்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்” என்றார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை சிங்கவரம் படியேறினோம். மலையைக் குடைந்த கருவறையில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். மச்சான் வெகுநேரம் கைகூப்பி நின்றார். இறங்கும்போது கேட்டேன்: “இன்னா சொன்னாரு?”

“படுத்துக்கினுதான் இருக்காரு. ஒண்ணும் சொல்லல. வேணான்னா எழுந்திருப்பாரு. போலாம் மாப்ள.”

அன்றைக்கே கடைத்தெருவில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினோம். வெயிலில் நின்றே ஒன்றைப் போட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஐந்து வருடத்துக்கு முந்தைய டைரியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களின் பதினோரு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. முதல் பக்கத்தில் இப்போது எழுதியிருக்கிறேன்: ‘எனக்காக மச்சான் வேண்டிக்கொண்டார். வேண்டியது மீனை உண்ணாமையா, தொடாமையா, நெருங்காமையா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.’