முத்துசாமியின் நிறம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ராசாங்கத்தின் ஸ்டுடியோவுக்குள் கறுப்பாய் நுழைந்தவர்கள் யாரும் கறுப்பாய்த் திரும்பியதில்லை. கல்யாண மாப்பிள்ளை, சமைந்த பிள்ளை, மொட்டையடித்த குழந்தை, அத்தனை பேரும் வெள்ளைவெளேர். அந்தக் கைங்கரியத்தைச் செய்தவள் பரிமளா. வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊர்ச் சனத்தையெல்லாம் வெளுத்துத் தள்ளினாள். இரண்டாயிரத்து நாலாம் வருசம் அது.

இத்தனைக்கும் அவள் நல்ல கறுப்பு. தரகரிடம் கொடுத்த தன் போட்டோவையும் வெளுத்துத்தான் கொடுத்திருந்தாள். ஆசை ஆசையாய் வந்த மாப்பிள்ளை வீட்டார் நேரில் ஒரு பார்வை பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், "ஊருக்குப் போயி சொல்றோம்" என்று கிளம்பினார்கள். எந்த ஊரோ தெரியவில்லை, இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஆடி பிறந்த கையோடு அரும்பாவூரிலிருந்து கலியம்மாள் வந்தாள். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கரும்பு வெட்டப் போன கூட்டம் என்றைக்கோ சேர்ந்து நின்று எடுத்துக்கொண்டது. பின்வரிசையில், பக்கத்து ஆளின் தலைப்பாகை ஒரு காதை மறைக்க, நகத்தளவு முகமாய் நின்றார் அவள் புருசன் முத்துசாமி.

"அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாங்க. ஆவணியில வருசத் தெவசம் வருது. அதுக்குள்ள பெருசா, கலர்ல வேணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முகம் மறந்துகிட்டே போகுதும்மா எனக்கு. கண்ண மூடுனா வரமாட்டேங்குறாரு" என்றாள்.

பரிமளா படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். நகத்தளவு முகம் திரை முழுக்க விரிந்தபோது அவளுக்கே மேல் சிலிர்த்தது. நெற்றித் தழும்பு வந்தது. சிரிப்பை அடக்கிய உதடு வந்தது. அடேயப்பா, அந்தத் துளி இடத்துக்குள் இவ்வளவு மனிதர் இருந்திருக்கிறார்! மறைந்த காதுக்கு, தெரிந்த காதையே எடுத்துத் திருப்பி ஒட்டினாள். கீறல்களைத் துடைத்தாள். வண்ணம் ஏற்றும்போது மட்டும் பழக்க தோசம், கை தானாக ரோஸ் நிறத்துக்குப் போய்விட்டது.

மறுவாரம் வந்த கலியம்மாள் திரையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆளு?" என்றாள்.

"உங்க வூட்டுக்காரர்தான் பெரியம்மா."

"நல்லாருக்கே கதை! எவனோ ஒரு செவத்த ஆம்பளைக்கு நான் மாலை போட்டுக் கும்புடணுமா?"

ராசாங்கம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "செத்தவரு கொஞ்சம் செவப்பா இருந்துட்டுப் போறாரு, என்னம்மா கொறைஞ்சு போச்சு?"

"கொறைஞ்சு போனது எனக்குத்தானே தெரியும்!" என்று அவர் வாயை அடைத்தாள் கலியம்மாள்.

"சரி பெரியம்மா, என்ன நெறம்னு சொல்லுங்க."

அவள் மேசையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்தாள். எதிலும் இல்லை. சட்டென்று பரிமளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தா, இது! சாமி, இதே நெறந்தான். வெயில்ல நின்னா மினுமினுன்னு இருப்பாரு."

பரிமளா குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்து அதுவரை யாரும் சந்தோசப்பட்டதில்லை.

இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வண்ணத்தை மாற்றினாள். முத்துசாமி வந்தார். கலியம்மாள் எழுந்துபோய் அவர் கன்னத்தைத் தொட்டாள். திரைக் கண்ணாடியின் மின்சாரம் விரல் நுனியில் சுருக்கென்றது. அவள் விரலை எடுக்கவில்லை.

படம் ஏற்றிய சி.டி., பிரிண்ட் போடத் திருச்சி லேபுக்குப் போனது. படம் வந்தது. பார்த்தால் சாம்பல் பூத்து, காமாலை கண்டவர்போல் ஒரு முகம். கலியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டிவியில வந்தாரே! பேப்பருக்கு மட்டும் ஏம்மா வரமாட்டேங்குறாரு? வெறும் சொவத்துக்கா நான் படைக்கிறது?"

ராசாங்கம் லேபுக்குப் போன் போட்டுக் கத்தினார். அவர்கள் உங்கள் மானிட்டர்தான் சரியில்லை என்று கத்தினார்கள். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பரிமளாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வாசல் வெளிச்சத்தில் தன் கையையே டிஜிட்டல் கேமராவில் எடுத்தாள். துளியும் திருத்தாமல் லேபுக்கு அனுப்பினாள். வந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையில் அதே கை ரத்தம் ஓடும் செழிப்போடு இருந்தது. காகிதத்தில் வாடிக் கிடந்தது. நிஜக் கை இரண்டிலும் சேராமல் தனியாக இருந்தது. ஒரு கைக்கு மூன்று நிறமா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இத்தனை நாளும் இந்தத் திரை அழகு அழகாய்ப் பொய் சொல்லியிருக்கிறது!

மானிட்டரின் பொத்தான்களை அழுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, சிவப்பை இறக்கி, காகிதத்துக் கையைப் போலவே திரைக் கையும் வாடும்வரை விடவில்லை. ராசாங்கம் வந்து பார்த்துவிட்டு அலறினார்.

"அடிப்பாவி! நல்லா இருந்த மானிட்டர எழவு வூடு மாதிரி ஆக்கி வச்சிருக்க!"

"இப்பத்தாண்ணே இது நெசம் பேசுது."

இப்போது முத்துசாமியைத் திறந்தாள். லேபிலிருந்து வந்த அதே காமாலை முகம் திரையிலும் நின்றது. பரிமளாவுக்குக் கண் கலங்கியது, சந்தோசத்தில். இனி இவர் தப்ப முடியாது. குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோலச் சிவப்பைத் துளித்துளியாய்ச் சேர்த்தாள், மஞ்சளைக் குறைத்தாள். தன் நிஜக் கையும் அந்தக் கன்னமும் ஒன்றாகும்வரை இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

தெவசத்துக்கு முந்தின நாள் படம் வந்தது. டியூப்லைட்டை நம்பாமல் பரிமளா அதை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், பகல் வெளிச்சத்தில் கலியம்மாளிடம் நீட்டினாள். கலியம்மாள் படத்தைப் பார்த்தாள். பரிமளாவின் கையை இழுத்து முத்துசாமியின் கன்னத்தோரம் வைத்தாள். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று பரிமளாவுக்கே தெரியவில்லை. தன் தோலிலிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"பேப்பர் சுத்தித் தரேன் பெரியம்மா, தூசி படும்."

"மூஞ்சிய மூடாத!" என்று அதட்டினாள் கலியம்மாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். படத்தை நெஞ்சுக்கு நேரே, முகம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, பஸ்ஸு வந்துரும். வூட்டுக்குப் போவலாம்" என்றாள். பரிமளாவிடம் அல்ல.

பரிமளா படியைவிட்டு இறங்கி, இரண்டு பேர் போவதற்கு வழிவிட்டு நின்றாள்.