நான் வாசலாக நின்ற திருநாள்

சென்ற வாரம் கண் காட்டுவதற்காகச் செவிலிமேட்டில் புதிதாக வந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முகப்பில் கண்ணாடிக் கதவு. பிடியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் எனக்கு வாய் வராது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, ஒரு மரியாதைக்கு நாலடி தள்ளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் பெண் வெளியே வந்தாள். கதவு தானாக விலகியது.

“இன்னாமா, அங்கியே நின்னுக்கினு இருக்கற? கிட்ட வந்தாதான் அது தொறக்கும். செருப்பைப் போட்டுக்கினு வா.”

கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது போலிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்: நானும் ஒரு காலத்தில் வாசலாக இருந்தவள்தான். யார் கிட்ட வந்தாலும் திறக்கக் கூடாத வாசல்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான், அந்த நெடியில் எங்கள் பழைய உபதேசியார் நினைவில் எதிரே வந்து நின்றுவிட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதுதான் என் கடைசி வகுப்பும்கூட. எங்கள் காலனியில் ஓடு வேய்ந்த சின்ன மாதா கோயில், கிழக்குப் பார்த்தது. சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது எல்லாம் உபதேசியார்தான். அவர் வருகிறார் என்பது மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

மாதா முப்பொழுதும் கன்னி என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை பெறுவதற்கு முன்னும் கன்னி, பெறும்போதும் கன்னி, பெற்ற பின்னும் கன்னி. ரோசலி கையைத் தூக்கினாள். என் பக்கத்து வீட்டுக்காரி; எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

“அதெப்படி உபதேசியாரே? எங்க வூட்டு ஆடு...”

“ஆட்டையும் மாதாவையும் ஒண்ணாப் பேசுவியா? உக்காருடி.”

ஆனாலும் அவர் கோபக்காரர் இல்லை. பழைய ஏற்பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மோசே பார்த்த முட்செடி தீப்பற்றி எரிந்தது, ஒரு இலைகூடக் கருகவில்லை. கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுமயிர் பனியில் நனைந்தது, சுற்றியிருந்த தரை காய்ந்து கிடந்தது. எசேக்கியேல் தீர்க்கதரிசி ஆலயத்தின் கிழக்கு வாசலைப் பார்த்தார். ஆண்டவர் அதன் வழியாக நுழைந்ததால் அது மூடியே இருக்கும், வேறு ஒருவரும் அதில் போகக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதிலெல்லாம் மாதாவைத்தான் பார்த்தார்களாம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினோம்.

புரியவில்லை என்று தெரிந்துதான் மாதா திருநாளுக்கு இதையே காட்சியாக வைக்க நினைத்தார். கருவேலங்கிளையில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினால் முட்செடி. ஆட்டுமயிருக்குப் பழைய கம்பளி. தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு ஒத்திகையிலேயே தும்மல் பிடித்துவிட்டது. குழந்தை இயேசு சிலையை ஏந்தி வருவது ரோசலி. எனக்கு மூடிய வாசல். “இதுக்குப் பேசவே வேணாம், உனக்குன்னே எழுதி வெச்சது” என்றார். அம்மா அன்றைக்கே காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பெயர் எதிலும் வந்ததில்லை, அதனால்தான்.

சாமியாருக்குச் சமைக்கும் கோயில் குசினியின் பழைய கதவைக் கழற்றி நிறுத்தி நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தீர்க்கதரிசி கண்ட அந்த வாசல் உபதேசியாரின் கால் பெருவிரலில் விழுந்தது.

“வாசலை வுட்டுடலாம். முட்செடியும் கம்பளியும் போதும்” என்றார், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

நான் அழவில்லை. அங்கே அழவில்லை என்று சொல்ல வேண்டும். மறுநாள் அம்மாவோடு முதலியார் வீட்டுக்குப் போனபோது அழுதேன். அம்மா அங்கே தார் சுற்றும் வேலை செய்தாள், அதாவது தறிக்குக் குறுக்கே ஓடும் பட்டு நூலைச் சுற்றித் தருவது. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த முதலியார் எட்டிப் பார்த்தார்.

“ஏன் லூர்து, உன் பொண்ணு கண்ணைக் கசக்கினு இருக்குது?”

அம்மா கதையைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எங்க பெருமாள் கோயில்ல சொர்க்கவாசல் வருசத்துக்கு ஒரு நாளாவது தொறக்கும். உங்க வாசல் தொறக்கவே தொறக்காதா?”

“தொறக்காதாம் ஐயா. ராசா போன வழியாம்.”

“அதுக்கு மரக்கதவு எதுக்குமா? பாவு இழுத்துக் கட்டு. தெருவுல பாவு நீட்டி வெச்சா எவனாவது குறுக்க போறானா? மாடு கூட நின்னுடும்.”

பாவு என்றால் தறியில் நெடுக ஓடும் நூல். நெய்து முடித்து மிஞ்சிய அரக்குப் பாவில் இரண்டு முழம் வெட்டி, இரு முனையையும் இரண்டு மூங்கில் கழியில் கட்டிக் கொடுத்தார். “என் கையால கட்டினது. ஒரு இழை அறுந்தாலும் என் பேரு கெட்டுடும், பாத்துக்க” என்றார்.

உபதேசியார் அதை நிறுத்திப் பார்த்தார். “இன்னாடி இது, அந்தாண்ட எல்லாம் தெரியுது?” என்றார். ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்துவிட்டது. ரோசலியைக் கூப்பிட்டு, சாண் உயரக் குழந்தை சுரூபத்தை இழைகளை விலக்கி அந்தப் பக்கம் கொடுக்கச் சொன்னார். கொடுத்ததும் இழைகள் பழையபடி சேர்ந்துகொண்டன. “ஆறு மாசமா வாயால சொன்னனே, இதான்! முன்னயும் முழுசு, பின்னயும் முழுசு. ஒரு இழை அறுந்துதோ, நான் சொன்னது அத்தனையும் பொய்யாப் பூடும்” என்றார்.

ஆக, மாதாவின் மானம், முதலியார் பெயர், அம்மாவின் பெருமை மூன்றும் என் கழியில் வந்து சேர்ந்தன.

திருநாள் அன்று காலைப் பூசை முடிந்து காட்சி. ஒரு கழி கோயில் தூணில் கட்டியிருந்தது. மறு கழியை நான் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே காலனி முழுக்க. கடைசியில், உள்ளே வரக் கூச்சப்பட்டு, துண்டைத் தோளில் போட்டபடி முதலியார். கிழக்கே ஏறிய வெயில் பட்டில் விழுந்து வாசல் முழுக்கத் தணல் மாதிரி ஒளிர்ந்தது. முட்செடிக்காரிக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ரோசலி வந்து இழையை விலக்கிக் குழந்தையை நுழைத்தாள். ஆசீர் கொடுக்கத் தூக்கியிருந்த குழந்தையின் விரலில் ஒரு இழை மாட்டிக்கொண்டது. அவள் பதறி இழுத்தாள். இழை விறைத்து விண்ணென்றது. ஒத்திகையில் இப்படி நடக்கவில்லையே என்று உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இழுக்காதடி! பின்னால தள்ளு!”

யார் கத்தியது என்று எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்தான். கழியோடு தூண் பக்கமாக ஒரு அடி வந்தேன், பாவு தளர்ந்தது, இழை விரலிலிருந்து நழுவியது. ரோசலி குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். நான் ஒரு அடி பின்னால் போய் மறுபடி விறைப்பாக்கினேன். மாட்டிக்கொண்ட நூலை இழுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும் என்பது தறி வீட்டில் தார்க்கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

முதலியார் கூச்சத்தை விட்டுவிட்டு முன்னால் வந்தார். மேலிருந்து கீழாக இழைகளின் மேல் விரலை ஓட்டினார்.

“ஒண்ணும் அறல” என்றார்.

“ஆமென்” என்றார் உபதேசியார்.

கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மூடின வாசல்னு சொன்னீங்களே, அது இன்னா அந்தக் கத்து கத்துது?”

அன்றிலிருந்து எனக்கு வாசல் என்றே பெயர். அந்தப் பட்டு நூலை ரோசலியும் நானும் பாதிப்பாதியாகச் சடையில் கட்டிக்கொண்டோம். வழுக்கி வழுக்கி அவிழ்ந்ததே தவிர நிற்கவில்லை.

இப்போது வேறு சபைக்குப் போகும் எதிர்வீட்டு மருமகன் வேதப் புத்தகத்தோடு வந்து, இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் மாதா எப்படி முப்பொழுதும் கன்னி என்று கேட்கிறார். சித்தி பெரியம்மா பிள்ளைகளை நாம் அண்ணன் தம்பி என்று சொல்வதில்லையா என்று உபதேசியார் இருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு வாதாட வராது. “காபி குடிக்கிறீங்களா தம்பி” என்று கேட்டுவிடுவேன். என் கையில் அந்தக் கழியின் விறைப்பு இன்னும் இருக்கிறது. அதை அவருக்கு எப்படிக் காட்டுவது?

ஓட்டுக் கோயில் போய் மாடிக் கோயில் வந்துவிட்டது. திருநாளுக்குத் திரை கட்டிப் படம் போடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. முட்செடியையும் கம்பளியையும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. உபதேசியாரும் முதலியாரும் போய் எத்தனையோ வருடம். வாசல் என்று என்னைக் கூப்பிடக் கடைசி வரை இருந்தவள் ரோசலி. மாதா பிரார்த்தனையில் பரலோகத்தின் வாசலே என்று ஒரு இடம் வரும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, நரைத்த பிறகும், அந்த இடம் வந்தால் பக்கத்திலிருந்து என் இடுப்பில் கிள்ளுவாள். “உன்னியத்தான் கூப்புடறாங்க” என்பாள். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு இருமல் வரும்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் அந்த இடம் வரும்போது இடுப்பைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.