கனகம் எழுதிய ஆணி

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கனகத்தைப் பார்த்தாக வேண்டும். வாசலில் நுழைந்ததும் இடது பக்கம் கம்பி போட்ட ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு பெரிய பதிவேடு, ஒரு கட்டுச் சீட்டு, கனகம். பேர் இன்னா, வயசு இன்னா, எந்த ஊரு, இன்னா ஆச்சு என்று நாலு கேள்வி கேட்பாள். பதிலைப் பதிவேட்டில் ஒரு வரியும் சீட்டில் ஒரு வரியுமாக எழுதுவாள். அந்தச் சீட்டை வைத்துத்தான் டாக்டர் பார்ப்பார், நர்ஸ் ஊசி போடுவார், பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் நான் மாத்திரை கொடுப்பேன். நான் ரங்கநாதன், இங்கே மருந்தாளுநர். பதினோரு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும்.

சீட்டு எழுதுவது அவள் வேலையே இல்லை. பெருக்கவும் கழுவவும் எடுக்கப்பட்டவள். சீட்டு எழுதுகிறவர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பத்தாவது வரை படித்த கனகத்தின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று அப்போதிருந்த டாக்டர் பேனாவைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஏழு மணிக்குத் தரையைக் கழுவி முடித்து, எட்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அரசாங்கக் காகிதத்தில் அவள் இன்னமும் துடைப்பக்காரிதான்.

எங்கள் ஊர் நாவல்மேடு, வல்லம் வடகாலிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி கட்டியபோது சுற்றுவட்டாரத்தில் ஏழு கிராமம். பிரசவம், பாம்புக்கடி, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, அவ்வளவுதான் வேலை. இப்போது நெல் விளைந்த இடத்திலெல்லாம் கம்பெனி. வீட்டுக்கு வீடு மாடியில் தகரம் போட்டு ரூம், ரூமுக்கு ஆறு பேர். டாக்டர் மட்டும் அதே ஒருவர், கட்டில் அதே ஆறு. பாம்புக்கடி குறைந்துவிட்டது. விரல் நசுங்கியது, கை கிழிந்தது, கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது என்று வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

கம்பெனியில் அடிபட்டவன் தனியாக வரமாட்டான். கூடவே கான்ட்ராக்டரின் ஆள் வருவான். கனகத்தின் முதல் மூன்று கேள்விக்கு அடிபட்டவன் பதில் சொல்வான், நாலாவதுக்குக் கூட வந்தவன் சொல்வான். ரூமில் வழுக்கி விழுந்தான், காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டான், கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டான். கம்பெனி என்று எழுதினால் விபத்துப் பதிவு போட வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும், கான்ட்ராக்டரிடம் கேள்வி வரும். அதனால் இந்த ஏற்பாடு. கனகமும் சொன்னபடியே எழுதிவிடுவாள். எங்கள் பதிவேட்டைப் படிக்கிறவனுக்கு, இந்த வட்டாரத்து ஜனங்கள் வேலைக்கே போகாமல் நாள் பூராவும் பாத்ரூமில் வழுக்கி விழுந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

கை நீட்டிக் காசு வாங்கினாளா என்றால் ஒரு டீ கூட வாங்கியதில்லை. அது வேறு கதை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சின்னப்பையன் என்று ஒருவர் வந்தார். பேர்தான் அப்படி, வயது நாற்பது. கையில் வெல்டிங் சூடு. கனகம் கேட்டாள், அவரும் வெள்ளந்தியாகக் கம்பெனி என்றார், எழுதினாள். மறுநாளே அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி ராஜம்மா இந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உன் பேனா எங்க வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்சிடி. நீ நல்லா இருப்பியா?" என்று கத்தியதை நானே கேட்டேன். கனகம் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யார் எதை எழுதச் சொன்னாலும் எழுதினாள். ஏழைகளுக்குத் தன்னால் முடிந்த ஒரு உதவி அது என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன், இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவிக் கிடந்தது. வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. அந்தக் கூட்டத்தில் டில்லிபாபு ஒரு பெண்ணைப் பைக்கில் கூட்டி வந்தான். டில்லிபாபு இதே ஊர்க்காரன், கனகத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். கெட்டவன் இல்லை. அடிபட்டவர்களைத் தன் வண்டியில்தான் ஏற்றி வருவான், பெட்ரோல் காசுகூடக் கேட்கமாட்டான்.

அந்தப் பெண்ணின் பேர் முப்பிடாதி, தென்காசிப் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஐந்து பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். வயது இருபத்திரண்டு.

"இன்னாடா டில்லி?" என்றாள் கனகம்.

"ஒண்ணியும் இல்ல அத்தே. ரூம்ல துணி காயப் போடசொல்லோ ஆணி குத்திக்கிச்சு. ஒரு டிடி ஊசி போட்டா சரியாப் பூடும்."

முப்பிடாதி வலது கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கனகம் எட்டி அவள் காலைப் பார்த்தாள். சேப்டி ஷூ. துணி காயப் போட யாரும் சேப்டி ஷூ மாட்டிக்கொண்டு போவதில்லை. கனகத்துக்குப் புரிந்தது. பக்கத்து ஜன்னலில் எனக்கும் புரிந்தது. 'வலது ஆள்காட்டி விரலில் ஆணி குத்தியது' என்று அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் ஸ்ரீமதி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று நூறு பேருக்கு மேல் பார்த்திருந்தார். விரல் நுனியில் மிளகளவுகூட இல்லாத ஒரு புள்ளி. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. சீட்டில் ஆணி என்று இருக்கிறது. டிடி ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை எழுதினார். நான்தான் எண்ணிக் கொடுத்தேன். "சாப்ட்டுட்டுப் போட்டுக்கம்மா" என்று சொல்லவும் செய்தேன். பெரிய அக்கறை!

மறுநாள் காலை எட்டு மணிக்கு முப்பிடாதி தனியாக வந்தாள். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆள்காட்டி விரல் ஊதிச் சாம்பல் நிறமாகியிருந்தது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் அந்தக் கையைத் தொட்டதும் அலறிவிட்டாள்.

"என்ன ஆணிம்மா அது? துருப்பிடிச்சதா? எங்க இருந்தது?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். முப்பிடாதியின் கண் வாசல் பக்கமே போனது.

மழை ஈரம் மிதிபட்ட தரையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்த கனகம் மாப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். "டாக்டரம்மா, ஆணி இல்ல. நான் எய்தினது பொய்யி" என்றாள். பிறகு முப்பிடாதியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "சொல்லும்மா. டில்லி இங்க இல்ல. இன்னா ஆச்சு?"

"மிஷின்ல ஆயில் ஹோஸ் ஒழுகுதுன்னாவக்கா. எங்க ஒழுகுதுன்னு விரலால தடவிப் பாத்தேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ரத்தங்கூட வரல. வெளிய சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாவன்னு எல்லாரும் சொன்னாவ."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த ரப்பர் குழாயில் எண்ணெய் அசுர அழுத்தத்தில் ஓடுமாம். ஊசித்துளை ஓட்டை போதும், தோலைத் துளைத்து உள்ளே போய் விரல் முழுக்கப் பரவிச் சதையை அரித்துவிடுமாம். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். சில மணி நேரத்துக்குள் விரலைத் திறந்து கழுவ வேண்டுமாம். இருபத்தாறு வருஷமாக மருந்து கொடுக்கிற எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே அனுப்பியிருப்பேனே கனகம்" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

108 வந்தது. கனகம் கேட்காமலேயே அதில் ஏறிக்கொண்டாள். அன்று சீட்டு எழுதும் ஜன்னலில் நான் உட்கார்ந்தேன். நாலாவது கேள்வி வரும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். சாயங்காலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "சார், வெரல எடுத்துட்டாங்க. உள்ளங்கையையும் கீறி வுட்டுக் கீறாங்க. கை தேறும்ன்றாங்க, வெரலு போச்சு சார்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

மூன்றாம் நாள் டில்லிபாபு ஜன்னலுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தே, ஆனது ஆயிப்போச்சு. நோட்டுல எய்தினத மட்டும் மாத்தாத. மாத்தினா என்னத்தான் முதல்ல வெளிய அனுப்புவாங்க. எனக்கு ரெண்டு புள்ள கீது."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வெரலு இல்லடா" என்றாள் கனகம். அவன் கண்ணெதிரிலேயே பதிவேட்டைப் புரட்டி, ஆணி என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே நடந்ததை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். டாக்டரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். போலீசுக்குத் தகவல் போனது. பத்து நாளில் கனகத்துக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. துடைப்பக்காரி ஏன் சீட்டு எழுதினாள் என்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கண்ணில் படாதது அன்று பட்டுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் மெமோவைக் கிழித்திருப்பேன். கனகம் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். "நியாயந்தான சார்" என்றாள். வேறு ஆள் போடும்வரை அவளே எழுதட்டும் என்று டாக்டர் பதில் அனுப்பினார். வேறு ஆள் இன்றுவரை வரவில்லை.

தை மாதம் ரகு என்ற பையனை வேறொரு சூப்பர்வைசர் அழைத்து வந்தான். புறங்கை கிழிந்திருந்தது. கனகம் சூப்பர்வைசரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நாலாவது கேள்வியைக் கேட்டாள். ரகு வெளியே பார்த்துக்கொண்டே, "ரூம்ல கண்ணாடி ஒடைஞ்சி கிழிச்சிட்சிக்கா" என்றான். காயத்தில் கறுப்பு கிரீஸ் அப்பியிருந்தது. கனகம் கம்பெனி என்று எழுதினாள்.

"அக்கா, எய்தாதக்கா. வேலை பூடும்" என்று கெஞ்சினான்.

"வேல போனா உன் மேனேஜர் கால்ல நான் வந்து வுழறேன். கை போனா யார் கால்ல போய் வுழறது?"

வேலை போய்விட்டது. கனகம் சொன்ன மாதிரியே கம்பெனி கேட்டுக்குப் போனாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கைக்காயம் வருவது குறைந்துவிட்டது. காயம் குறையவில்லை. ஒரகடம் ரோட்டிலிருக்கும் மருந்துக்கடையிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பொய் எழுதியபோது ஒரு விரல் போயிற்று, உண்மை எழுதினால் வருவதையே நிறுத்துகிறார்கள். கனகம் சரியாகச் சாப்பிடுவதில்லை. "இப்ப எத்தினி பேரு புள்ளிய மறச்சிகினு கீறாங்களோ சார்" என்று திடீர் திடீரென்று கேட்பாள்.

மாசியிலிருந்து ஒரு புது வழக்கம் ஆரம்பித்தாள். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நாவல்மேடு கூட்ரோட்டில் போய் நிற்பாள். இறங்குகிறவர்களிடம், "கையக் காட்டிட்டுப் போ" என்பாள். சிலர் சிரித்தார்கள், சிலர் போன் பேசுவது போலப் போனார்கள். கனகத்துக்கு மறை கழன்றுவிட்டது என்று டீக்கடைக்காரரே என்னிடம் சொன்னார்.

முப்பிடாதி ஊருக்குப் போகவில்லை. அந்தக் கையோடு அம்மா முன்னால் போய் நிற்க மாட்டேன் என்றாள். ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். வலது கை எப்போதும் துப்பட்டாவுக்குள் இருக்கும். போன வாரம் ஒரு நாள், கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவள், கனகத்தோடு கூட்ரோட்டுக்கு நடந்தாள். நான் வீட்டுக்குப் போகிற வழி அதுதான், வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.

இரண்டு பஸ் வந்து போனது. யாரும் நிற்கவில்லை. மூன்றாவது பஸ் வந்தபோது முப்பிடாதி துப்பட்டாவை விலக்கிக் கையை வெளியே எடுத்தாள். நாலு விரலோடு, உள்ளங்கையில் நீளத் தழும்போடு, அதை எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கியவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள். கடைசியாக இறங்கிய ஒரு பெண் மட்டும் நடக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாப்பாட்டுப் பைக்குள் மறைத்திருந்த தன் இடது கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

கனகம் கைக்குட்டையை அவிழ்த்தாள். ரத்தம் இல்லை. ஒரு புள்ளி.

"எங்க ஆச்சும்மா?"

அந்தப் பெண் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

"கம்பெனி லைன்லக்கா" என்றாள். "காலையில."

நான் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன்.