பாடம் நடத்தாத வாத்தியாரும் என் குக்கரும்

"சார் பாடமே நடத்தறதில்லை மேடம். கேள்வி மட்டும் கேக்கறார். நாங்களே பேசி, நாங்களே போர்டுல எழுதணுமாம். அப்புறம் அவர் எதுக்கு?"

என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டவன் பிரசாத். என் கணவரின் மெக்கானிக்கல் வகுப்பில் முதல் மார்க்குக்காரன். அவன் பின்னால் ஆறு பேர். அடுப்பில் பால். "அவர் எதுக்குன்னு நானும் பதினெட்டு வருஷமா யோசிக்கறேன். நீ மூணு மாசத்துல கேட்டுட்டே" என்றேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

வாத்தியார் மனைவி என்பது விண்ணப்பம் போடாமலே கிடைக்கும் உத்தியோகம். சம்பளம் அவருக்கு, புகார்ப் பிரிவு நமக்கு. இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியாரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நான் பட்டதில் கொஞ்சத்தைச் சொல்கிறேன், ஆறுதலாக இருக்கும்.

துறைத் தலைவரிடம் ஏற்கெனவே மனு கொடுத்தாகிவிட்டதாம். நான் சிபாரிசு செய்தால் சார் கேட்பார் என்று இங்கே வந்திருக்கிறார்கள். என் வீட்டு நிலவரம் தெரியாத பிள்ளைகள். "உங்களுக்கு என்னதான்டா வேணும்?" என்றேன். பிரசாத் பாதிக் கன்னடத்தில் கெஞ்சினான்: "நோட்ஸ் பேகு மேடம், நோட்ஸ் கொடுக்கச் சொல்லுங்க. புரிஞ்சுக்கறதை நாங்க அப்புறம் பாத்துக்கறோம்."

பாய்லரின் ஜன்னல்

இவர் நோட்ஸ் கொடுக்காத மனிதர் இல்லை. பதினைந்து வருஷம் அதே பழுத்த நோட்டைப் பார்த்து வாசித்தார், அறுபது பேர் தலை நிமிராமல் எழுதினார்கள். சாயந்திரம் வந்து சோபாவில் விழுவார். எதைக் கேட்டாலும் 'ம்'. சோபாவுக்கும் இவருக்கும் வித்தியாசம், சோபாவுக்கு உறை உண்டு.

விடைத்தாள்களில் மார்க்கைக் கூட்டிப் போடுவது என் வேலை. ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒரு தாளைப் படித்தேன். பாய்லர் இயக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று ஐந்து குறிப்புகள். நாலு சரி. ஐந்தாவது, 'பின்னால் இருக்கும் ஜன்னலைச் சாத்த வேண்டும்'. அடுத்த தாளிலும் ஜன்னல். ஆக மொத்தம் பதினோரு பேர். "ஏங்க, பாய்லருக்கு ஜன்னல் உண்டா?" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் முகம் வெளுத்துவிட்டது. நோட்ஸ் வாசிக்கும்போது மழைச்சாரல் அடித்திருக்கிறது. அதே குரலில் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் பதினோரு பேரையும் நிற்க வைத்து, இதை எழுதும்போது ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டாராம். கடைசி பெஞ்சுப் பையன் பணிவாகச் சொன்னானாம்: "சந்தேகம் இல்லை சார். நீங்க சொன்னப்போ எழுந்து போய்ச் சாத்தினதே நான்தான்."

குக்கர் காலேஜுக்குப் போனது

அன்றைக்கு மூடிய நோட்டை இவர் திறக்கவில்லை. ஐந்து ஐந்து பேராக உட்கார வைப்பார், ஒரு கேள்வி கொடுப்பார். பத்து நிமிஷம் சண்டை போட்டுவிட்டு ஒருத்தர் வந்து போர்டில் விளக்க வேண்டும். சாயந்திரம் வந்து நடந்ததையெல்லாம் என்னிடம் ஒரு மணி நேரம் சொல்வார். 'ம்' போடுவது இப்போது என் முறை.

ஒரு காலையில் குக்கரைக் காணோம். வேலைக்காரியைச் சந்தேகப்பட்ட பாவம் எனக்கு. இவர்தான் அதை லேபில் ஸ்டவ் மேல் வைத்து, 'வெயிட்டின் எடையை இரண்டு மடங்காக்கினால் அரிசி சீக்கிரம் வேகுமா?' என்று கேட்டிருக்கிறார். பெஞ்சுகளை இழுத்த சத்தம் துறைத் தலைவர் அறை வரை போயிருக்கிறது. அவர் கையில் பிரசாத்தின் மனுவும் இருந்தது. அடுத்த இன்டர்னல் பரீட்சைக்குத் தானே கேள்வித்தாள் எடுப்பதாகவும், மார்க் இறங்கினால் இவர் பழையபடி நோட்ஸ்தான் வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். குக்கர் ரப்பர் வளையம் இல்லாமல் வீடு திரும்பியது. நான் சோற்றைப் பானையில் வடித்தேன். இவர் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "மறுபடி அந்த நோட்டை என்னால வாசிக்க முடியாது" என்றார். எனக்கும் சோபாவோடு குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் துறைத் தலைவரின் நிஜக் குறை மார்க் இல்லையாம், கன்னட மரியாதைக்கு ஒரு 'ரீ' போட்டே சொன்னாராம்: "உங்க சத்தத்துல பக்கத்து கிளாஸ் பையன்கள் முழிச்சுக்கறாங்க, ரீ."

செல்வி

ரப்பர் வளையத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவள் செல்வி. கொள்ளேகாலம் பக்கம் கௌதள்ளி கிராமத்துத் தமிழ்ப் பெண். கன்னட மீடியத்தில் படித்துவிட்டு வந்து, இரண்டு செமஸ்டர் வகுப்பில் வாயே திறக்காதவள். நான் தமிழில் பேசியதும் கொட்டித் தீர்த்தாள். அவள் அம்மாவுக்குக் கொள்ளேகாலத்தில் பட்டு நூல் எடுக்கும் பட்டறையில் வேலை. அங்கே பட்டுக்கூடு வேகவைக்க ஒரு பாய்லர் உண்டு.

குழுவுக்குள் எந்த பாஷையிலும் பேசலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். பாய்லரில் தண்ணீர் அபாய அளவுக்குக் கீழே போய்விட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. உடனே தண்ணீர் விட வேண்டும் என்று அவள் குழுவிலிருந்த பிரசாத் எழுதிவிட்டான். "நான் உடலீங்க மேடம். காஞ்ச தகட்டுல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுப் போயிரும், மொதல்ல தீய இழுக்கோணும்னு சொன்னேன். எந்த புக்குல இருக்குதுன்னு கேட்டான். எங்கம்மா முழங்கையில தழும்பா இருக்குது, வந்து படிச்சுக்கோன்னேன்."

துறைத் தலைவரின் கேள்வித்தாள்

பரீட்சையன்று இவர் இரண்டு தடவை ஸ்கூட்டர் சாவியை மறந்தார். நான் சாம்பாரில் உப்பை மறந்தேன். கேள்விகளை ஒரு வரி மாற்றாமல் பழைய நோட்டிலிருந்தே எடுத்திருந்தார் தலைவர். வகுப்புச் சத்தத்தோடு காதில் விழுந்ததோ என்னவோ, அந்தத் தண்ணீர்க் கேள்வி ஒன்றைத்தான் சொந்தமாகச் சேர்த்திருந்தார்.

மார்க் இறங்கவில்லை. எப்போதும் கடைசியில் கிடக்கும் கூட்டம் ஒரு படி ஏறியிருந்தது. செல்வி நடுவில் வந்து நின்றாள். பிரசாத்துக்கு இரண்டு மார்க் குறைவு. ஆனால் தண்ணீர்க் கேள்விக்குத் தீயை இழுக்கத்தான் சொல்லியிருந்தான், காரணத்தோடு. தலைவர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு இவரிடம் சொன்னாராம்: "நடத்துங்க. எப்படி நடக்குதுன்னு மட்டும் எனக்கு விளக்காதீங்க."

ஃப்ரிட்ஜ்

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வகுப்பு என் ஹாலில். ஒரு ஏப்ரல் புழுக்கத்தில் தெரியாத்தனமாக நானே கேட்டுவிட்டேன்: ரூமை மூடிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் ரூம் குளிருமா, சூடாகுமா? கேட்டதுதான் தாமதம், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துவிட்டார்கள். பிரசாத் குளிரும் என்கிறான். செல்வி ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். மற்றவர்கள் இரண்டு கட்சி. இவரைப் பார்த்தேன். சிரித்தார்.

பதினைந்து வருஷம் யாருமே கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வாசித்த மனிதரை, பெண்டாட்டி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாதவராக மாற்றியதுதான் இந்தப் புது முறையில் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம்.

"பால் திரிஞ்சு போறதுக்குள்ள யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா, குளிருமா, சூடாகுமா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டேன்.