சுருக்கி வரைந்த கட்டில்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'முக்கால்' என்று பெயர். முக்கால் அங்குலத்துக்காக இன்ஜினியரோடு மல்லுக்கு நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு வீட்டுப் பிளான் வரைகிற மனுஷன். சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. அவர் வரைந்ததை அச்செடுத்து மடிக்கிறவள் நான்.

இந்தத் தொழிலில் ஒரு கேவலமான தந்திரம் உண்டு. அறை சின்னதாக இருந்தால் பிளானில் கட்டிலைச் சுருக்கி வரைவார்கள்; அறை பெரிதாகத் தெரியும். முக்கால் அதை மட்டும் செய்ததே இல்லை.

போன மாதம் ஒரு மனைக்காரர் வந்தார். பதினெட்டடி அகல மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அதில் அவருக்குப் பண்ணை வீடு வேண்டுமாம், சனி ஞாயிறு மட்டும் வந்து தங்க! பெரிய வராந்தா, தானியக் கிடங்குக்கு வைக்கிற மாதிரி தள்ளுகதவு, முன்னால் தண்ணீரே இல்லாத பொம்மைக் கிணறு. கைபேசியில் படம் காட்டினார். படத்து வீட்டைச் சுற்றிப் பத்து ஏக்கர் புல்.

இத்தனையையும் திணித்த பிறகு, வாரம் முழுக்க அங்கேயே இருக்கப்போகிற காவல்காரருக்கும் அவர் மனைவிக்கும் மாடிப்படிக்குக் கீழே ஐந்தரை அடிக்கு நாலடி மிஞ்சியது.

"வராந்தாவுல ரெண்டடி குறைச்சா அந்த ரூம் நீளும் சார்," என்றார் முக்கால்.

"வராந்தா போனா அப்புறம் என்ன பண்ணை வீடு?" என்றார் மனைக்காரர்.

அவர் போனதும் இன்ஜினியர் சொன்னார்: "கட்டில கொஞ்சம் சின்னதா போடுங்க. இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா உங்கள நான் வச்சுக்க முடியாது."

முக்காலின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த நேரம். முக்கால் தொட்டில் அளவுக்கு ஒரு கட்டில் வரைந்தார். எழுந்து போய்க் கை கழுவினார். அதை அச்செடுத்தவள் நான். நானும் யோக்கியம் இல்லை.

அடுத்த வாரம் கட்டட வேலை ஆரம்பம். மனையைக் காக்க அன்றிலிருந்தே ஆள் வேண்டும். நேற்று மனைக்காரர் காவல்காரரைக் கூட்டி வந்தார். ஆறடி ஆள், வாயெல்லாம் பல்.

"ஃபோன்ல பிளான் பாத்தேன் சார். கட்டில் போட்டும் எவ்வளவு எடம்! எட்டு வருஷமா என் பொண்டாட்டி அவ அண்ணன் வீட்டுல, நான் வேலை செய்யற எடத்துல. இனிமே ஒண்ணா இருக்கலாம்."

முக்காலுக்குப் பொறுக்கவில்லை. டேப்பை எடுத்துத் தரையில் ஐந்தரைக்கு நாலு அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். இன்ஜினியர் முறைக்க முறைக்க, "அண்ணே, இதுதான் உங்க ரூம். படுத்துப் பாருங்க," என்றார்.

காவல்காரர் சிரித்துக்கொண்டே படுத்தார். கால் கோட்டைத் தாண்டியது. முழங்காலை மடக்கினார். பக்கத்தில் மனைவிக்கு எவ்வளவு மிச்சம் என்று கையால் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"தூங்க மட்டும்தானே, பழகிடும்," என்றார் மனைக்காரர், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே. தூ!

"நான் வேணும்னே தப்பா வரைஞ்சேண்ணே," என்றார் முக்கால். "இந்த வேலைக்கு வராதீங்க."

காவல்காரர் எழுந்து சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டினார்.

"பழைய வேலைய நேத்தே விட்டுட்டேனே சார். பிளானப் பாத்துட்டுத்தான் விட்டேன்."