முப்பத்தொன்றாம் எண் விமானத்தின் ஒட்டு

என் அக்கா மேவிஸ் கட்டிக்கொண்ட வில்ஃப் ஹால்சால் மிகவும் இனிமையான மனிதர் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாதிரியார் சொன்னபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. முப்பது வருஷம் அந்த ஆளோடு ஒரே தெருவில் குடியிருந்தவள் நான். இனிமையாம்! காலை வணக்கம் சொன்னால் "எதுக்கு?" என்று கேட்கிற ஜென்மம் அது. ஆனால் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பாதிரியார் அதைச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பதினாறு வயதில் எங்கள் ஆற்றோரத்து விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். இருபத்தொரு வயதில் அவரை முப்பத்தொன்றில் போட்டார்கள். அது ஒரு ஜெட் குண்டுவீச்சு விமானம், இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, தொழிற்சாலைக்குள் எண்தான் பெயர். உடம்பு முடிந்து, ஒரு இறக்கை மாட்டியாகிவிட்டது. அறுபதுகளில் ஒரு செவ்வாய்க்கிழமை அரசாங்கம் வேண்டாம் என்று கைகழுவியது. வில்ஃபையும் இன்னும் நானூறு பேரையும் மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை விட்டு அதைத் துண்டு துண்டாக அறுக்கச் சொன்னார்கள். வரைபடம், புகைப்படம் எல்லாம் கொதிகலன் அடுப்புக்குப் போயின. வில்ஃப் அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் மாற்றினார். அந்தச் செவ்வாய்க்கிழமையை விட்டு அவர் மனசு நகரவே இல்லை.

டிப்போவிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வந்ததும் மாதிரி விமானம் செய்ய உட்கார்ந்தார். அதுவும் என்ன விமானம்? இந்த நாடு செய்யத் தொடங்கிப் பாதியில் தூக்கிப்போட்ட ஜெட்டுகள் மட்டும். ஒன்றோ இரண்டோ பறந்து பார்த்து நின்றுபோனவை, பறக்காமலே செத்தவை. கடையில் பெட்டியில் கிடைக்காத சரக்கு. மரத்தைச் செதுக்கி அச்சு செய்து, பிளாஸ்டிக் தகட்டை என் அக்காவின் கேஸ் அடுப்பு கிரில்லில் இளக்கி, அச்சை அதில் அழுத்துவார். விமானி உட்காரும் இடத்துக்குக் கண்ணாடி மூடி ஒன்று சரியாக வருவதற்குள் பதினொன்று பாழ்.

"வில்ஃப், நேத்து சுட்ட பை பலகாரம் முழுக்க பிளாஸ்டிக் நாத்தம்!" என்று அக்கா கத்துவாள்.

"அப்போ திங்காதே," என்பார். அவ்வளவுதான் குடும்பம்.

முப்பத்தொன்றை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய அவருக்கு நாலு வருஷம் ஆனது. ஞாபகத்திலிருந்தே செய்தார். முழுக்க வெள்ளை அடித்தார். வெள்ளையில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் தெரியும், அதனால் தேய்த்து அடித்து, மறுபடி தேய்த்து அடித்து, விரல் நுனியில் ரேகையே போய்விட்டது.

இனி எங்கள் ஊர் மாதிரி விமானச் சங்கத்தைப் பற்றி. வருஷா வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் சர்ச் மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். டீயும், உருளைக்கிழங்கு வைத்துச் சுடும் வெண்ணெய் பையும் நான் பார்த்துக்கொள்வேன். மேஜைகள் இரண்டு வகை. ஜன்னலோர மேஜையில் நிஜ விமானங்கள். கழிப்பறைப் பக்கம் கற்பனை மேஜை. அதில் விண்வெளிக் கப்பல், ராஜாங்க முத்திரை குத்திய பறக்கும் தட்டு, இப்படிப்பட்ட கோமாளித்தனம். நிஜத்தில் உலோகத்தால் செய்யப்படாத எந்த விமானமும் கற்பனை மேஜைக்குத்தான் என்பது விதி.

சங்கச் செயலாளர் ரெஜ் தார்ன்லி. சட்டைப் பையில் சின்ன டார்ச், வாயில் எப்போதும் ஒரு குறை. உன் சக்கரம் அரை மில்லிமீட்டர் பெரிசு, உன் நீலம் அந்த வருஷத்து நீலம் இல்லை, இப்படியே போகும். தப்பைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்க அந்த ஆளால் முடியாது. முதல் வருஷமே வில்ஃப் முப்பத்தொன்றைக் கொண்டுவந்து வைத்ததும் ரெஜ் சொன்னார்:

"அந்த மேஜைக்கு எடுத்துட்டுப் போ. முப்பத்தொன்னுன்னு உலோகத்துல ஒண்ணுமே கிடையாது. மரத்துல ஒரு மாதிரி செஞ்சாங்க, அதோட சரி. நான் அந்தத் தொழிற்சாலை ஸ்டோர்ல இருந்தவன்யா."

"நான் அதுல ரிவெட் அடிச்சவன்."

"போட்டோ இருக்கா?"

"எரிச்சுட்டீங்களேடா!"

"அப்போ கற்பனைதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வில்ஃப் முகம் சுண்டிப்போனது. "பாதியில நிறுத்தின அந்த டிஎஸ்ஆர்-2 ஜெட்டுக்கு அழ நாடே இருக்கு, என் முப்பத்தொன்னுக்கு ஒரு நாதி இல்ல," என்று சொல்லிவிட்டு, நடுவர்கள் வருவதற்குள் மாதிரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இப்படி ஒரு வருஷம் அல்ல, ஐந்து வருஷம். பறக்கும் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை. என் பங்குக்கு நான் ரெஜுக்கு ஆறிய டீயாகப் பார்த்துக் கொடுப்பேன்.

ஐந்தாவது வருஷம் வில்ஃப் ஒன்றைக் கவனித்தார். ரெஜ் டார்ச்சை அடித்துக் குனிந்து, விமானி அறைக்குக் கீழே இடப்பக்கமாக ஒரே இடத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, வழவழவென்று வெள்ளை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் வில்ஃப் முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லாததைச் சொன்னார். அந்த இடத்தில் அவர் தப்பாகத் துளை போட்டுவிட்டார். தொழிற்சாலையே பார்க்கிற மாதிரி மேஸ்திரி அவரைத் திட்டித் தீர்த்து, மேலே ஒரு தகட்டை ஒட்டாகப் போட்டு ரிவெட் அடிக்க வைத்தார். வெட்கத்தில் மாதிரியில் அதை வில்ஃப் செய்யவே இல்லை.

"அவன் அந்த ஒட்டைத் தேடறான், மேவிஸ். மரத்துல ஒட்டு ஏது? அந்தப் பய நிஜத்தைப் பார்த்திருக்கான்."

அடுத்த நவம்பருக்கு முன் ஒரு மத்தியானம் நான் போனபோது, அரிசி மணி அளவு தகட்டை இடுக்கியில் பிடித்து மாதிரியில் ஒட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம்.

"இடப்பக்கம்னுதானே சொன்னே?" என்றாள் அக்கா.

"தெரியும். கம்முனு இரு." வேண்டுமென்றே ஒரு தப்பைத் தன் முப்பத்தொன்றில் வைப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கண்காட்சியன்று நேராக ஜன்னலோர மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஓர் அட்டை: 'ஃபிட்டர் செய்த தவறு, அதை மூடிய ஒட்டு. ஃபிட்டர், வி. ஹால்சால்.' அத்தனை பேர் பார்க்க, தன் பெயரைப் போட்டு. நான் டீ கெட்டிலை வைத்துவிட்டுக் கிட்டே போய் நின்றேன்.

ரெஜ் வந்தார். "எத்தனை தடவைய்யா சொல்றது உனக்கு..." என்று தொடங்கி, டார்ச்சை அடித்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். காது சிவந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூன்று மேஜை தாண்டிப் போனார். போச்சுடா என்று நினைத்தேன். திரும்பி வந்தார்.

"ஒட்டு தப்பு," என்றார்.

"என்ன தப்பு?"

"அது இடப்பக்கம். வலப்பக்கம் இல்ல. இடப்பக்கம்! நல்லா ரெண்டு கை அகலத்துக்கு..."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"மர மாதிரியில ஒட்டு எதுக்குய்யா ரெஜ்?" என்றார் வில்ஃப், மெதுவாக.

ரெஜ் டார்ச்சை அணைத்தார். "எனக்கு இருபது வயசு," என்றார். "அறுக்கச் சொன்னாங்க, அறுத்தேன். அந்த இடத்துல ரெட்டைத் தகடு. என் ரம்பம் அங்கேதான் உடைஞ்சுது. இருந்துச்சுன்னு சொன்னா, எங்கே போச்சுன்னு கேப்பாங்கல்ல? எல்லாரும் அழுதுக்கிட்டிருந்த ஊர்ல நான் என்ன சொல்றது?"

கையை நீட்டினார். வில்ஃப் அந்தக் கையைப் பார்த்தார், தொடவில்லை. "அஞ்சு வருஷம் என்னைப் பொய்யன் ஆக்கினியேடா, பாவி," என்றார்.

தலைமை நடுவர் திருமதி ஆஷ்வொர்த் ரொம்பக் கறார். முப்பத்தொன்று நிஜ மேஜையிலேயே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே கையோடு, ஒட்டு பக்கம் மாறியதற்காக மதிப்பெண்ணையும் வெட்டினார். வில்ஃபுக்குப் பரிசு இல்லை. அன்றைக்கு மட்டும் அவர் என்னிடம் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

மார்ச்சில் மாரடைப்பு. உயில் படித்தபோது அக்கா அதிர்ந்துபோனாள். முப்பத்தொன்றை ரெஜ் தார்ன்லிக்கு எழுதி வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'வேணும்னா இதையும் அறுத்துப் போடு, உனக்குப் பழக்கம்தானே. இல்லேன்னா வருஷா வருஷம் நிஜ மேஜையில நீயே கொண்டு வை. ஒட்டை மாத்தாதே.'

ரெஜ் அறுக்கவில்லை. இது ஏழாவது நவம்பர். துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். வெளியூர் சங்கத்தார் வருவார்கள். அவர்களும் இதே ரகம்தானே, எவனாவது ஒருவன் பழைய தொழிற்சாலை ஆள் யாராவது ஒட்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து குனிவான்.

"ஐயா, ஒட்டு பக்கம் மாறியிருக்கே? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். இடப்பக்கம்தான்," என்பார் ரெஜ். "நான்தான் அதை அறுத்தேன்."

ஒவ்வொரு வருஷமும், கேட்கிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முட்டி வலி தாங்கவில்லை, டீ வேலையை வேறு யாரிடமாவது கொடு என்று மகள் திட்டுகிறாள். கொடுக்க மாட்டேன். கெட்டிலை அந்த மேஜைக்குப் பக்கத்தில், அவர் சொல்வது காதில் விழுகிற தூரத்தில் மாற்றி வைத்திருக்கிறேன்.